அரசாணிக்காலுக்கு வில்லோ

வில்லோதான். ஆல்டர் வேண்டாம்.

அன்புள்ள எழில், இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை ஸ்ரீநாத்தும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அயர்லாந்தில் கல்யாண முருங்கைக்கு எங்கே போவது, மேடையில் ஊன்றும் அரசாணிக்காலுக்கு ஆற்றங்கரையில் இருக்கிற வில்லோ, ஆல்டர் இரண்டு மரத்தில் எதை வெட்டட்டும் என்று கேட்டிருந்தாய். மண்டபம் பிடித்த பிறகு வீட்டில் சொன்னவளுக்கு ஒரு குச்சிக்கு மட்டும் அனுமதி வேண்டுமாக்கும். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆல்டர் நிமிர்ந்து நிற்கிறது. வட்ட இலை. வில்லோ தலையை விரித்துப் போட்டு, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, நீ காலையில் எழுந்து வருவது மாதிரியே. ஆனால் அதை ஒடித்து ஊன்றினால் நம் முருங்கைப் போத்து போல வேர் விடுமாம். ஆல்டர் விடுவது சந்தேகம். கல்யாணம் முடிந்து நட்டால் துளிர்க்க வேண்டும், அதற்குத்தானே அந்தக் கால். சாக்கடைக் குழாய்ப் பக்கம் நட்டுவிடாதே, வேர் உள்ளே போய்விடும்.

இனி அப்பா. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றவர் இன்னும் அதையேதான் சொல்கிறார். நேற்று அந்த மரப் படத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பினால், கண்ணாடி மாட்டிக்கொண்டு என் போனைப் பார்க்கிறார். "இன்னாடி இது, தொடப்பம் மாரி தொங்கிகினு கீது? இத்தப் போயி கல்யாணத்துல நடுவாங்களா? பக்கத்துல நேரா கீது பாரு, அத்த வெட்டச் சொல்லு. எலகூட அரச எல கணக்கா கீது" என்றார். லேத் பட்டறைக்காரருக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். அரசிலைக்கு வால் உண்டே, இதற்கு நுனியே இல்லையே என்றேன். "போட்டோல இன்னா தெரியும்? மரத்தத் தொட்டுப் பாத்தாதான் சொல்ல முடியும்." அப்படியானால் போய்த் தொட்டுப் பாருங்கள் என்றேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது, அங்கே ரொம்பக் குளிருமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அதனால் இப்போதைக்கு எதையும் வெட்டாதே. அவருக்கும் சேர்த்து விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஸ்ரீநாத்தை எனக்குத் தனியாக அனுப்பச் சொல். வந்து ஆல்டர்தான் என்று அடம் பிடித்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடு, வாதாடாதே. தலைக்கு எண்ணெய் வை. இருவரும் குறைவில்லாமல் வாழுங்கள்.

உன் அம்மா,
சித்ரா
மேனாம்பேடு

எழுதி முடித்து, ஊட்டியில் வாங்கிய அவருடைய ஸ்வெட்டரை எடுத்துப் போய் மாடியில் வெயிலில் போட்டேன்.