கண்ணாடி முன் ஆடிய தலை

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நல்ல சுகம். உன் மூட்டுவலி இப்போது தேவலையா?

நேற்று முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தபோது தரையில் கிடந்த முடியெல்லாம் விரல் நீளம்தான் இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். என் நீளப் பின்னல், தையல் மெஷினில் சிக்கும் என்று சூப்பர்வைசர் சொன்னதால், நுனியை மட்டும் வெட்டிக்கொள்ளப் போனேன். இந்த ஊர் பாஷை தெரியாததால் கையால் காட்டினேன். கடைக்காரர் சரியாகத்தான் வெட்டினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். போதும் என்று நம் ஊரில் ஆட்டுவதுபோல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். இன்னும் வெட்டினார். மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன்.

காய்கறி வாங்கப் போயிருந்த என்னோடு அறையில் தங்கும் அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"ஏண்டி, இங்க இப்படி ஆட்டினா பத்தலைன்னு அர்த்தம்டி. மொட்டை ஆகிறவரைக்கும் ஆட்டுவியா?"

இப்போது முடி தோளைக்கூடத் தொடவில்லை. வளர்ந்துவிடும், பயப்படாதே. அண்ணன் கல்யாணத்தில் நாத்தனார் நான், பின்னல் இல்லாமல் எப்படி நிற்பேன்? நல்ல சவுரியாக ஒன்று வாங்கி வை. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. அக்கா சொன்னதும் என்ன செய்தாய் என்று கேட்பாய். கடைக்காரர் கத்தரியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கேட்டார். நான் இரண்டு கையாலும் தலையை ஆடாதபடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.