மட்டை நுனியில் வைத்த ஈயம்

மார்ச் 4

வாயாடிக்கு,

உன் மட்டையின் நுனியைத் துளைத்து ஈயம் வைத்து அடைத்தவன் நான். பேஸ்பால் சங்கம் உன்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லி இரண்டு வருடம் விலக்கி வைத்தபோது வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான்தான்.

வீச்சின் வேகம் காலில் தொடங்கி, இடுப்பில் ஏறி, கடைசியில்தான் கைக்கு வரும் என்பது உன் கட்சி. நுனியில் எடை இருந்தால் கைவீச்சே போதும் என்பது என் கட்சி. நாற்பது வருடம் சுத்தியல் பிடித்தவன் சொல்வதைக் கேட்காமல், சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும், "அண்ணா, நீங்க அடிக்கிறது ஆணி. அது நின்ன இடத்துல நிக்கும். பந்து ஓடி வருதே" என்றாய். உன் வீட்டுக்காரர் புரையேறும்வரை சிரித்தார்.

நாலு பந்தை நீ பறக்கவிட்ட பிறகு உண்மையைச் சொல்லி உன் முகத்தைப் பார்க்க நினைத்தேன். நீயோ மூன்று ஆட்டத்திலும் பந்தைத் தவறவிட்டு, "வயசாயிடுச்சு போலண்ணா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாலாவது ஆட்டத்தில் மட்டை பிளந்து, ஈயக்கட்டி நடுவரின் காலடியில் விழுந்தது.

செய்தது தவறு. என் கணக்கு தவறில்லை. உன் கைதான் தாமதம்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈயம் விழுந்த அன்றே எனக்குத் தெரியும். துளையை அடைத்த மூடியின் மரவரியை மட்டையின் வரியோடு அப்படிச் சேர்க்க உங்கள் கையால்தான் முடியும். விசாரணையில் கேட்டார்கள், தெரியாது என்றேன். சொல்லியிருந்தால் எந்த அணி உங்கள் கடைசல் பட்டறைக்கு வரும்?

இரண்டு மாதமாக ஒரு ஃபோன்கூட இல்லை. வந்த கடிதத்திலும் பாதி வாதம்தான். எனக்கு முப்பத்தெட்டு வயது. தடை முடியும்போது யாரும் என்னை ஆடக் கூப்பிடமாட்டார்கள். கூட ஆடியவர்கள் தெருவில் என்னைக் கண்டால் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். எனக்குத் தெரிந்ததையே என்னிடம் சொல்லி என்ன பயன்?

கணக்கு சரியென்றால் நீங்களே வீசிப் பாருங்கள். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வாயாடி

மார்ச் 24

வாயாடிக்கு,

முழங்கால் பரவாயில்லை.

ஒரே மரத்தில் இரண்டு மட்டை கடைந்தேன். ஒன்றில் ஈயம். கயிற்றில் தொங்கவிட்ட பந்தை இரண்டாலும் இருபது முறை அடித்தேன். உன் அண்ணி கைபேசியில் மெதுவாக ஓடும் வீடியோவாகப் பிடித்தாள். தோளிலிருந்து பந்துக்கு மட்டை வர வீடியோவில் எத்தனை படம் ஓடுகிறது என்று நிறுத்தி நிறுத்தி எண்ணினோம். ஈயம் வைத்தது ஒவ்வொரு முறையும் ஐந்தாறு படம் பிந்தியது. இருபத்தொன்றாவது முறைக்கு நின்றபோது, "உங்களுக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் நான் இப்படியே நிக்கணுமா?" என்று கேட்டாள். மட்டையைக் கீழே வைத்தேன்.

மூன்று ஆட்டத்திலும் தவறியது உன் வயதால் அல்ல.

இனி ஆக வேண்டியது. வெள்ளிக்கிழமை காலை சங்கச் செயலாளரிடம் நான் போக வேண்டும். கைப்பட எழுதிய கடிதமும் மிச்ச ஈயமும் என்னோடு வரும். மட்டைக்குச் சொல்லிவைத்திருக்கும் ஐந்து அணிகளுக்கும் நான் செய்ததை நானே போய்ச் சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரர் உடைந்த மட்டையை அங்கே கொண்டுவர வேண்டும். சிரிக்க வேண்டுமென்றால் சிரிக்கட்டும். உன் அண்ணி அந்த வீடியோவை உனக்கு அனுப்ப வேண்டும். நீ வேறு ஆளிடம் புது மட்டை வாங்க வேண்டும். ஆடக் கூப்பிட்டால் போக வேண்டும். இடுப்பை முதலில் திருப்ப வேண்டும்.

அண்ணன்