நீ சொல்லாத யோசனை

உன் பெயரில் ஒரு பொய் வந்திருக்கிறது. இன்று காலை அலுவலக மெயிலைத் திறந்தால், நம் டிரைவர் மென்பொருளில் ஒரு மாற்றம் என் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. நீ எழுதிய பகுதியை மொத்தமாக நீக்குகிறார்கள். அதைப் படித்தே எரிச்சலாக இருந்தது. கடைசி வரி அதைவிட மோசம். யார் எழுதியது, யார் சரிபார்த்தது என்று பெயர் போடுகிற இடத்தில், 'யோசனை சொன்னவர்' என்று உன் பெயரைப் போட்டிருக்கிறார் சென்னையில் இருக்கும் நம் மேலாளர். உன் நிரலைத் தூக்கச் சொல்லி நீயேதான் யோசனை சொன்னாயாம். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்கிற தைரியம்.

போன ஐப்பசி மழையில் ராஜபாளையம் ரோட்டில் உன் பைக் சறுக்கியது. அதற்குள் உன்னை வைத்துப் பொய்க் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

நீ எதை எழுதினாய், ஏன் எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். உன் பக்கத்து நாற்காலியில் நான்தானே உட்கார்ந்திருந்தேன். சின்ன ஆஸ்பத்திரிகளில் ஆக்ஸிஜன் குழாயின் அழுத்தத்தைக் கவனிக்கிற பெட்டி அது. அழுத்தம் குறைந்தால் சென்சார் சொல்லும், நம் டிரைவர் அதைக் கேட்டு அலாரம் அடிக்க வைக்கும். டிரைவர் இருப்பது கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடிமடியில். அங்கே எந்தச் செய்தியை எழுதவும் முதலில் கெர்னலிடம் கொஞ்சம் மெமரி கேட்டு வாங்க வேண்டும். மற்ற நிரல் என்றால் இடம் காலியாகும் வரை காத்திருக்கும். சென்சார் கூப்பிட்ட அந்த நொடியில் ஓடுகிற நிரல் காத்திருக்க முடியாது. இருந்தால் கெர்னல் கொடுக்கும், இல்லாவிட்டால் இல்லை என்றுவிடும்.

பழைய டிரைவர் அந்த நொடியில்தான் போய்க் கேட்டது. எல்லாச் சோதனையிலும் தேறியும்விட்டது. தேறாமல் என்ன செய்யும், சென்னையில் மேஜை மேல் வேலை வெட்டி இல்லாமல் கிடந்த பெட்டிக்கு மெமரிக்கு என்ன பஞ்சம்! நீதான் ஒரு மத்தியானம், நம் மாடி ஆபீஸுக்குக் கீழே தறிச் சத்தம் காதை அடைத்துக்கொண்டிருக்க, நம்மிடம் இருந்த பெட்டியின் மெமரியை வேண்டாததையெல்லாம் போட்டு நிரப்பினாய். பிறகு, அழுத்தம் போனதுபோல் காட்ட, சென்சார் வயரைப் பிடுங்கினாய். ஒரு சத்தமும் இல்லை. திரும்பச் செருகிப் பிடுங்கினாய். அப்போதும் இல்லை. தறிச் சத்தத்தில்தான் கேட்கவில்லையோ என்று நான் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன்.

"ஏலே, கேட்டா ஒடனே கெடைக்கும்னு எவன்லே சொன்னான்?" என்று நீ போட்ட சத்தத்தில் கீழே தறிக்காரர் ஒருவர் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். நான் ஜன்னலில் எட்டி, ஒன்றுமில்லை அண்ணாச்சி என்று கையைக் காட்டினேன். உனக்குக் கோபம் வந்தால் ஊருக்குச் சமாதானம் சொல்வது எப்போதும் என் வேலைதான்.

உன் கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரியாணிக் கடையில் "முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றால் நீ ஒரு வார்த்தை பேச மாட்டாய். "இல்லைன்னு நேரா சொல்லுதான் பாரு, நம்ம கெர்னல் மாதிரி. இவன்கிட்ட நமக்கு என்ன கோவம்?" என்பாய். இல்லை என்ற பதிலைக் காதில் வாங்காமல், கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மேலே போகிறவனைக் கண்டால்தான் உனக்கு ஆகாது.

அதன்பிறகு நீ செய்தது எளிமையான காரியம். பெட்டியைப் போட்டதும் டிரைவர் கெர்னலில் ஏறும்போதே, மெமரி தாராளமாக இருக்கும்போதே, அலாரத்துக்கென்று கொஞ்சம் வாங்கி ஒதுக்கி வைத்தாய். வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. உன் வீட்டு மாடிப்படி முழுக்க உன் வீட்டுக்காரி, என் மதினி, அடுக்கி வைத்திருக்கும் தண்ணீர் டிரம்களைப் போலத்தான். "ஏறி இறங்க வழியில்லன்னு நீ ஏசினா ஆச்சா? குழாயில வாற அன்னைக்குப் பிடிச்சு வைக்காம, வராத அன்னைக்குப் போயி நின்னா சொட்டுமா?" என்று மதினி உன்னைக் கேட்டபோது, நீ எதிர்த்துப் பேசாமல் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அதே சோதனையைத் திரும்பச் செய்தாய். அலாரம் அடித்தது.

அந்த ஒதுக்கீட்டைத்தான் இப்போது எடுக்கிறார்கள். 'இதுவரை ஒருமுறைகூடப் பயன்படாதது' என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். பயன்படாமல் இருந்தால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம், அறிவிருந்தால். மெமரி மிச்சமாகும் என்று வேறு ஒரு வரி. ஒரு செல்போன் படத்தின் அளவுகூட இல்லாத இடம் அது! நிஜமான காரணம் எனக்குத் தெரியும். ஒதுக்கீடு இருந்தால் ஒவ்வொரு முறையும் பெட்டியை நிரப்பி, வயரைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டும். நாள் ஆகும். புது மாடலைச் சீக்கிரம் விற்க முடியாது.

நானே போன் போட்டேன். "சார், அவன் இதை எடுக்கச் சொன்னான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஒரு மீட்டிங்ல பேச்சுவாக்குல சொன்ன மாதிரி ஞாபகம்ங்க."

"எந்த மீட்டிங்?"

அதற்குள் போகாமல், "சரி, அவர் பேரை எடுத்துடறேன். அப்ப உங்களுக்கு ஓகேதானே?" என்றார் குழைவாக.

ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. உன் பெயர் தப்பித்தது என்று நினைத்தேன். அடுத்த நொடியே என் மேலேயே ஆத்திரம் வந்தது. கம்பெனி விளம்பரப் புத்தகத்தில் இந்த அலாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போட்டு உன் பெயரை விட்டுவிட்டபோது, நான் குதித்தேன். நீ அசையவில்லை. "பேரை வச்சு நாக்கு வழிக்கவா? அலாரம் அடிக்கான்னு பாரு" என்றாய். நான் எதைக் காப்பாற்றிவிட்டு எதைக் கொடுக்க இருந்தேன்!

"பேரை எடுத்தாலும் ஒப்புக்க மாட்டேன் சார்," என்றேன். அவர் டீம், டேட், கஸ்டமர் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குக் கட்டு விட்டுப்போனது. "என்னவே டேட்டு? ராயகிரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில இந்தப் பெட்டிய நம்பி ஆள் படுத்திருக்கு. குழாயில காத்து வரலன்னா இதுதான் கத்தணும். இது கத்தலன்னா நீரா வந்து கத்துவீரு?" மேலாளரை 'நீர்' என்று பேசியிருக்கிறேன் நான். உனக்கு நம்பக்கூட முடியாது.

"ஏன் இவ்வளவு எமோஷனலா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சாயங்காலம் மெயில் வந்தது. அந்த டிரைவருக்கு ஒப்புதல் கொடுக்கும் பொறுப்பை வேறு ஒருவருக்கு மாற்றுவது பற்றி யோசிக்கிறார்களாம். மாற்றட்டும். நான் ஏன் மறுக்கிறேன் என்பதை எழுதி, பெட்டியை நிரப்பிச் சோதிக்கும் முறையையும் கூடவே அனுப்பிவிட்டேன். வருகிறவனுக்குக் கண் இருந்தால் படிப்பான். வேலை போனாலும் போகட்டும்.

நீ இருந்திருந்தால் இதையெல்லாம் நீ ஏசித் தீர்த்திருப்பாய். நான் உன் தோளைப் பிடித்துக் கீழே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இப்போது உன் கோபம் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அதைத் தணிக்கத்தான் யாரும் இல்லை. மேலாளர் மேல் கோபம், கம்பெனி மேல் கோபம். எல்லாரையும்விட, மழையில் மெதுவாகப் போ என்று சொன்னதைக் கேட்காத உன்மேல்தான். தணிய வேண்டும் என்றும் எனக்கு இல்லை. அது இருக்கிற வரைக்கும் நான் 'மாட்டேன்' என்று சொல்லுவேன்.