அறுபத்துநாலு பேர் போதவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அம்மா கண்ணுக்கு மருந்து விடுகிறார்களா?

நான் வேலை செய்யும் டயாலிசிஸ் பிரிவுக்கு நோயாளிகளை ஏற்றிவந்த இலவச வேன் நின்றுவிட்டது. அதை நடத்த வீட்டு வரியைச் சற்றுக் கூட்டலாமா என்று, இந்த நாட்டு வழக்கப்படி, ஊர் மக்களிடமே ஓட்டெடுப்பு வைத்தார்கள். நூற்றுக்கு அறுபத்துநாலு பேர் கூட்டலாம் என்றார்கள். ஆனால் வரியைக் கூட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டுமாம்! தோற்றுப்போனது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்குள்ள தமிழ்ச் சபையின் பொருளாளர், "கர்த்தர் நம்ம பாக்கெட்டக் காப்பாத்திட்டாரு" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முப்பத்தாறு பேர் பேச்சு எப்படிங்கய்யா அறுபத்துநாலு பேர் பேச்ச ஜெயிக்கும்?"

"கொஞ்சப் பேரோட சொத்துக்கும் பாதுகாப்பு வேணும்லம்மா?"

"சக்கர நாற்காலில வர்றவங்களும் கொஞ்சப் பேருதான். அவங்களுக்கு என்ன பாதுகாப்பு? ஆண்டவர் அவங்க பக்கம்தானே நின்னாரு?"

வரி வசூலித்த உங்களை 'ஆயக்காரன்' என்று நம் ஊர்ச் சபையிலேயே கேலி செய்தார்களே, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. பயப்படாதீர்கள், மரியாதையாகத்தான் பேசினேன்.

திங்களன்று பொருளாளரின் மனைவி தன் காரில் ஒரு நோயாளியைக் கூட்டிவந்தார். "நானும் வேண்டாம்னுதான் ஓட்டுப் போட்டேன்" என்று கண்கலங்கினார். நன்றி சொன்னேன். வேனில் வந்துகொண்டிருந்த மீதிப் பதினொரு பேரில் மூன்று பேர் வரவே இல்லை. ஒரு காரால் தீருகிற காரியமா இது?

நம் வீட்டு ஜெபத்தைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பாட்டுக்கு நடுவே அம்மா அடுப்பை அணைக்க ஓடுவாரே, அதையும் வெட்ட வேண்டாம்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்