மூன்றாம் மாடி அறைக்கு

என் தங்கமே,

விடுதியின் முன்னறையில் உட்கார்ந்து அம்மா எழுதுகிறேன்.

நேற்று உன் துறைத் தலைவர் முன்னால், நீ பக்கத்தில் நிற்கும்போதே, உன்னை மட்டம் தட்டிப் பேசினேன். நீ விடுவிடுவென்று வெளியே போனாய். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவன் இன்னும் திறக்கவில்லை. ஃபோனையும் அணைத்துவிட்டாய். பெண்கள் மாடி ஏறக்கூடாதாம், பெற்ற அம்மாவே ஆனாலும். வார்டன் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் காகிதம். உன் அறைத்தோழன் நெட்டையன் கொண்டுவந்து கதவுக்கு அடியில் தள்ளுவான். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

நான் சாக்குச் சொல்ல வரவில்லை. என் பிழைப்பு உனக்குத் தெரியும். கடை கடையாகப் போய், கடைக்காரர்கள் தூக்கிப் போட்ட அட்டைப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்து வியாபாரம் ஆரம்பித்தவள் நான். சரக்கு எடுக்கப் போனால் முதலில் குறைதான் சொல்வேன். ஓரம் நைந்திருக்கு, மூலை அமுங்கியிருக்கு, இது தேறாது என்பேன். எதிராளி தானாக இறங்கி வருவான். ஒருவர் முடியாது என்றால், மற்றவர்கள் எழுந்து போவார்கள். நான் அங்கேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

உன் துறைத் தலைவரும் முடியாது என்றுதான் ஆரம்பித்தார். வருகைப் பதிவு குறைவு, ஹால் டிக்கெட் தர முடியாது என்று. எனக்கு வாய் தானாக ஓடியது. “பையன் சுமார்தான் சார். பெருசா ஒண்ணும் வரமாட்டான். ஏதோ பாஸ் ஆனாப் போதும். நீங்க ரொம்ப எதிர்பார்க்காம, மனசு பண்ணி ஒரு கையெழுத்தைப் போட்டு விட்டுடுங்க” என்றேன். ரெக்கார்டு நோட்டோடு வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு என் காதில் விழுந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை. இறங்கி வருகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சுமார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லையடா. வேண்டாத சரக்கை நான் குறை சொல்வதே கிடையாது. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். கையை விட்டுப் போய்விடக்கூடாது என்று நினைக்கிறதைத்தான் குறை சொல்வேன். அந்தப் புத்தியை உன் விஷயத்தில் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன்.

நெட்டையன் காலையில் எல்லாம் சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் அவன் வாயைப் பிடுங்கினேன். “அவன் டெய்லி எங்ககூடத்தான் கெளம்புவான் ஆன்ட்டி. காலேஜ் ஸ்டாப்ல நாங்க எறங்கிடுவோம், அவன் எறங்கமாட்டான். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி, அதே பஸ்லயே திரும்பி வருவான். கேட்டா, காத்து நல்லா வருதுன்னு சொல்லுவான்” என்றான். ஆய்வகத்தில் ஓர் ஆசிரியர் எல்லோர் முன்னாலும் உன் ரெக்கார்டைத் தூக்கிப் போட்டதிலிருந்து இப்படித்தானாமே. அதே துறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நானும் அதையே செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

சாப்பிட்டேம்மா, படிக்கிறேம்மா என்று தினமும் ஃபோனில் சொன்னாய். நானும் பெட்டியை அடுக்கிக்கொண்டே சரிடா என்றேன். ஊர்ச் சரக்கையெல்லாம் விரலால் தட்டியே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்பவள் நான். உன் குரலைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

கீழே எல்லாம் பரீட்சைக் கோலம்தான். ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமில்லை. ஒருத்தன் நடந்துகொண்டே படித்து வந்து என் மேலேயே மோதினான். “சாரி சார்” என்றான். என்னைப் பார்த்துத்தான். நெட்டையனுக்கு நாளை மறுநாள் ஆய்வகத் தேர்வு, அவனுடைய வெள்ளைக் கோட்டு உள்ளே மாட்டிக்கொண்டதாம். கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பாவம் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். உன் அப்பா ஃபோன் மேல் ஃபோன் போடுகிறார். கடையைப் பாருங்கள், பையனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

துறைத் தலைவரை இன்று தனியாகப் போய்ப் பார்த்தேன். நேற்றுச் சொன்னது அத்தனையும் பொய் சார் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “மொதல்ல பையன் வெளிய வரட்டும்மா. பரீட்சை எங்கயும் ஓடிப்போயிடாது. இந்தத் தடவை விட்டா அடுத்த தடவை எழுதட்டும். அவன் எடம் அவனுக்குத்தான்” என்றார். இன்னும் கொஞ்சம் இறங்குவாரா என்று நான் பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வார்டன் ஒரு கெடு வைத்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் நீ திறக்காவிட்டால் தச்சரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றுவாராம். அவர் பயம் அவருக்கு. என் பயத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் உடனே வந்து சொல்லும்படி நெட்டையனிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவன் மூன்று மாடி இறங்கி ஓடி வந்து “நகந்துச்சு ஆன்ட்டி” என்கிறான். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

படிப்பு வேண்டாம் என்றால் வேண்டாம். திட்ட வேண்டுமா, கீழே வந்து எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு. கதவை மட்டும் திற. முடியாது என்றால் என்ன முடியும் என்றாவது ஒரு வரி எழுதித் தள்ளு.

நீ நன்றாக இருக்க வேண்டும். இருக்க வேண்டும்.

கீழே காத்திருக்கும்,
அம்மா

*

என் தங்கமே,

உன் காகிதம் வந்தது. அதற்கு முன்னால் நெட்டையனின் கோட்டு வந்தது. கதவின் அடி இடுக்கில் முதலில் கோட்டின் ஒரு கை எட்டிப் பார்த்ததாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முழுக் கோட்டும் வெளியே வந்ததாம். கசங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து காட்டினான். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன், இங்கே எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நீ எழுதியதை வார்டனிடம் காட்டினேன். தச்சர் வேண்டாம், நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

நீ கீழே இறங்கி வர வேண்டும், என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் கேட்க நினைத்திருந்தேன். நீ தந்தது அதைவிடக் குறைவு. ஆனால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்னது சொன்னபடி எடுத்துக்கொள்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

நீ எழுதியபடியே, கதவு சாத்தியே இருக்கும், தாழ்ப்பாள் போடமாட்டாய். நெட்டையன் உள்ளே வந்து அவன் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம், பேச்சுக் கொடுக்கக்கூடாது. சாப்பாட்டை வைத்தால் எடுத்துக்கொள்வாய். பரீட்சையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

நான் ஊருக்குப் போகக்கூடாது.

சம்மதம்.

அம்மா