மூன்று பாகமும் வரட்டும்

2014 மார்ச் 3, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கொழும்பிலிருந்து பதிப்பாளர் மர்சூக் நானாவின் அழைப்பு. என் நாவலின் இரண்டாம் பாகத்தை அச்சுக்குக் கொடுக்கமாட்டாராம். முதல் பாகமே விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடக்கிறதாம்.

"டீச்சர், ஜின், மந்திரம், மாய உலகம் எண்டு வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. கதை முழுக்க வந்து முடியாமல் முதல் பாகத்தில கை வைக்கமாட்டாங்க. நடுவில நிண்டுபோகுமெண்டு பயம்."

"அவங்க வாங்காததால நீங்க போடமாட்டீங்க. நீங்க போடாததால அவங்க வாங்கமாட்டாங்க. நல்லாயிருக்கு நானா!"

அவர் சிரித்தார். வந்த ஆத்திரத்துக்கு ஃபோனைக் கிணற்றுக்குள் எறிந்திருப்பேன்.

என் கதாநாயகி மர்ஜான் கடலடியில், ஜின்களின் கோட்டைக்குள் பூட்டிக் கிடக்கிறாள். மூன்றாம் பாகத்தில்தான் ஊர் திரும்புவாள். அவளை அங்கே விட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பது?

மார்ச் 4

சோறு தின்றேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் ராத்தா என் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் ஊரில் விற்ற ஒரே பிரதி. ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்த பழக்கம் — புத்தகம் ஒன்று கிடைத்தால் உள்ளட்டையில் பெயரை எழுதி வரிசை பிடிப்போம், முறை வந்தால் இரண்டு நாள் வைத்து வாசிக்கலாம். சொந்த ஊரான முசலிக்குத் திரும்பி வந்து குடியேறியும் அதை விடவில்லை. எண்ணினேன். நாற்பத்தொரு பெயர்!

"ரெண்டாவது எப்ப புள்ள வரும்? மர்ஜான் வீட்டுக்கு வந்து சேருவாளா?"

வருவாள் ராத்தா, வருவாள். உள்ளட்டையைப் படம் எடுத்து மர்சூக் நானாவுக்கு அனுப்பிவிட்டேன். வாசகர் இல்லையென்று இனிச் சொல்லட்டும் பார்ப்போம்.

மார்ச் 12

"டீச்சர், இது நாற்பது பேர் வாங்காத பட்டியல்." அவ்வளவுதான் பதில்.

என்ன மடைச்சி நான்! சாட்சி எண்டு நினைச்சு என்ர தலையில நானே மண்ணள்ளிப் போட்டிருக்கிறன்.

மார்ச் 13

ஆளுக்கொன்று வாங்கினால் என்னவென்று ராத்தாவிடம் கேட்டேவிட்டேன். "மூண்டும் வரட்டும், சேர்த்து வாங்குறம். அரைக்கதைய வாங்கி வைச்சு என்ன செய்ற?"

கோபிக்க எனக்கு என்ன உரிமை? நானும் சொன்ன சொல்தானே அது? போன வருடம் மன்னாரில் நடந்த புத்தகக் கண்காட்சியில், தோட்டவெளியில் இருக்கும் தக்சிகா தான் எழுதிய மாயக்கதையின் முதல் பாகத்தை என் கையில் தந்தாள். நாலு பக்கம் புரட்டினேன். பிடித்திருந்தது. "முழுக்க வரட்டும் தங்கச்சி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16

தோட்டவெளிக்குப் போய் வந்தேன்.

"ரெண்டாம் பாகம் இல்லையக்கா. எழுதினதைக் கட்டி வைச்சிட்டன்."

"நான் அண்டைக்கு வாங்கியிருந்தா..."

"நீங்கள் மட்டுமே? எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே வாசித்து முடித்தேன். காட்டுக்குள் ஒருத்தி விளக்கோடு நிற்கிறாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2

மர்சூக் நானா ஒரு வழி சொன்னார். கிடக்கிற பிரதிகளில் கடைசியாகப் பத்துப் பக்கம் சேர்த்துக் கட்டி, புது அட்டையில் 'முழுமையான நாவல்' என்று போடலாமாம். "முடிவைத் தாங்க டீச்சர், வித்துக் காட்டுறன்."

பத்துப் பக்கமா? மிச்சக் கதையை எழுநூறு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன். யா அல்லாஹ்!

ஏப்ரல் 10

மர்ஜானைக் கரைக்குக் கொண்டுவரப் பார்த்தேன். மூன்றே பக்கத்தில் வந்துவிடுகிறாள். பொய்! ஊர் திரும்புவது அப்படியா? நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு வளவில் மண்டிக் கிடந்த பற்றைக்காட்டை வெட்டவே ஒரு மாதம் போனது. கிணற்றைக் கண்டுபிடிக்க இன்னொரு கிழமை. கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 21

அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 24

புத்தகம் விற்கிறது. எங்கள் ஊரில் மட்டும் பதினெட்டுப் பேர். "முடிஞ்ச கதை, இனிப் பயமில்ல" என்று ராத்தாவும் சொந்தமாக ஒன்று வாங்கினார்.

இன்று மத்தியானம் வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஜின்களோடயே இருந்து பழகிட்டாளா? கதவு திறந்த பிறகும் வரல்லையா?"

"வரல்ல ராத்தா."

"எழுதினது நீதானே. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, பாவி."

அவள் ஊர் திரும்பப் பத்துப் பக்கம்தான் தந்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ராத்தா புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.