எடை ஏறியிருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் உன் குரல் கேட்டதுமே உன் அத்தான் போனை வாங்கிக்கொள்கிறார். அவர் இருக்கும்போது இதையெல்லாம் பேச முடியாது.

அவருக்குக் குடலில் புற்றுநோய் என்றதும் நீ சொன்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அறுவை டாக்டர், மருந்து டாக்டர், ஸ்கேன் டாக்டர், நர்ஸ் எல்லாரும் வாரம் ஒருநாள் ஒரே மேசையில் கூடி ஒவ்வொரு நோயாளிக்கும் முடிவெடுப்பார்கள், அப்படிப்பட்ட குழுக்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் உன் வேலை, அதில் இவர்களுக்கே முதலிடம் என்றாய். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதருக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? வார்டு முழுக்க, என் மச்சினன் மார்க் போட்ட ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலில் கட்டியை எடுத்துவிடலாம் என்றார்கள். பிறகு இதயம் பலவீனம் என்று தெரிந்தது. அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் அவரைப் பற்றிப் பேசினார்கள், ஒத்திவைத்தார்கள். ஆபத்து இருந்தாலும் அறுத்துவிடுவதே வழி என்று தான் வாதாடியதாக மருந்து டாக்டர் என்னிடம் மாடிப்படியில் சொன்னார். அறுவை டாக்டர் அசையவில்லை. உடம்பு தேறட்டும், எடை கூடட்டும், பார்க்கலாம் என்று அத்தானிடம் சொல்லி அனுப்பினார். வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். எங்கள் குழுவே பார்த்துக்கொள்ளும் என்றுவிட்டார்கள்.

போன வாரம் நான் மட்டும் போய் அறுவை டாக்டரைப் பார்த்தேன். நான் உன் அக்கா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, வீட்டு மனுஷியிடம் பேசுவதுபோல் பேசினார்.

“ஆபரேஷன் பண்ணி ஒரு மாசத்துக்குள்ள போயிட்டார்னா அது எங்க கணக்குல சாவும்மா. வீட்டுல போனா யார் கணக்குலயும் வராது. இந்த வருஷம் ஒரு சாவுகூட இல்லாம வெச்சிருக்கோம். மார்க் போட உங்க தம்பி வகுத்த விதிதானே, அவருக்கே தெரியும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தார். நானும் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். புது ஸ்கேனில் கல்லீரல் வரை பரவியிருக்கிறதாம். இனி அறுத்தும் பயனில்லை.

அத்தானுக்கு இது எதுவும் தெரியாது. எடை கூடட்டும் என்றது அவருக்கு வேதவாக்கு. சாப்பிடுகிறார், எல்லாம் வெளியே வருகிறது, வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் தட்டின் முன்னால் உட்காருகிறார். போதும் என்று நான் தட்டை எடுத்தால், என்னைச் சாகச் சொல்கிறாயா என்று கோபிக்கிறார். கை கால் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் பானைபோல் வீங்குகிறது. அது சதையில்லை, நீர் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் மருந்துக்கடைத் தராசுக்கு நீரும் ஒன்றுதான், சதையும் ஒன்றுதான். நேற்று கைத்தாங்கலாகப் போய் ஏறி நின்று பார்த்துவிட்டு, மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“ஏறிடுச்சுடி. தம்பிக்கு உடனே எழுது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கித் தரச் சொல்லு.”

எழுதிவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரிக் குழுவுக்குக் கேடயம் கொடுக்க அடுத்த மாதம் நீ வருகிறாயாமே, அங்கே அரங்கத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். வா, கொடு. அங்கே வந்து நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதற்கு முன்னால் இங்கே ஒருமுறை வந்துவிட்டுப் போ, தம்பி. தாமதிக்காதே. அவர் தட்டின் முன்னால் உட்காரும்போது நீயும் பக்கத்தில் உட்கார். சாப்பிட்டது போதும் அத்தான் என்று சொல். நான் சொன்னால்தான் கோபம் வருகிறது. நீ சொல்லி அவர் எதைக் கேட்காமல் இருந்தார்?

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா